சற்குணம் அண்ணனின் மூன்றாவது கொரோலா

ஆக்லாந்தில் எந்தத் தமிழரிடம் கேட்டாலும் சற்குணம் அண்ணனைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் சொல்லும்போதே எனக்குக் கோபமும் வரும். அந்த மனிதர் என் குடும்பத்துக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. அதே மனிதர் என் கணவர் மேல் காரை ஏற்றப் பார்த்தார். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதற்குத் துரோகம் செய்ததாகிவிடும் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்து இறங்கியது தொண்ணூற்றிரண்டில். என் கணவர் கோதண்டராமனுக்கு கம்ப்யூட்டர் வேலை. ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துப்போக வருகிறேன் என்ற நண்பர் நாளை மாற்றி நினைத்துக்கொண்டு வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார். தோளில் மகள் அஸ்வினி அழுகிறாள். பெட்டிகள் மேல் மகன் விக்னேஷ் தூங்குகிறான். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் இவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒரு நெட்டையான மனிதர் எங்கள் எதிரில் வந்து நின்றார்.

"தமிழோ?" என்றார்.

"ஆமா சார்."

"ஆரும் வரேல்லையோ? பரவாயில்லை. வாங்கோ, ஏறுங்கோ."

அவர் வந்தது கொழும்பிலிருந்து வரும் வேறு ஒரு தம்பதியை அழைத்துப்போக. அவர்களும் அங்கேதான் நின்றார்கள். வெளியே போய்ப் பார்த்தால் ஒரு பழைய வெள்ளை கொரோலா. எழுபதுகளின் வண்டி. மேலே பெட்டிகளைக் கயிற்றால் கட்டினார், உள்ளே எங்களை அடைத்தார். முன்பின் தெரியாத ஒரு மனுஷி மடியில் என் பிள்ளை. போலீஸ் பிடித்தால் வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டே வந்தேன். அவரோ ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்து, "பயப்பிடாதையுங்கோ தங்கச்சி. இது கொரோலா. உலகத்தில எது மாறினாலும் இது மாறாது" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் பைத்தியமாக நம்பினார். இலங்கையில் காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஊரில் வைத்திருந்ததும் கொரோலாதான். அதை விற்ற காசில்தான் விமானம் ஏறினார். இங்கே ஒடாஹுஹுவில் ஒரு பேக்கிங் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கியது அதே ரகம், அதே நிறம். பானெட்டைத் திறந்தால் எல்லாம் ஊரில் இருந்த இடத்திலேயே இருந்ததாம். இந்த நாட்டில் தனக்குத் தெரிந்த முதல் முகம் அந்த எஞ்சின்தான் என்பார்.

பிள்ளைகள் இல்லை. மனைவி செல்வநாயகி அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டியதையெல்லாம் அண்ணனே பேசிவிடுவதால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். புதிதாக வருபவர்களை ஏர்போர்ட்டில் ஏற்றுவது, சனிக்கிழமை ஊரார் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோவது, பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, எல்லாம் அவர்தான். ஒருவரிடமும் பெட்ரோல் காசு வாங்கமாட்டார். தமிழர் கூட்டத்தில் யாருக்கும் அவர் ஃபேக்டரியில் என்ன செய்கிறார் என்று தெரியாது. கார் என்றால் சற்குணம், அவ்வளவுதான். அவருக்கும் அது போதுமாக இருந்தது. அந்த ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஆகாது. செல்வநாயகி அக்காவைக் கார் ஓட்ட விடமாட்டார். நான் கேட்டே விட்டேன். "பொம்பிளையளுக்கு என்னத்துக்கு அந்தக் கரைச்சல்? நான் இருக்கிறன்தானே" என்றார். அதையும் அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா மழையிலும் குளிரிலும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார்.

வெள்ளைக் காரைத் துரு தின்றுவிட்டது. ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்கிற வாரன்ட் இனி தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது தொண்ணூற்று நான்கு. அப்போது ஆக்லாந்து முழுக்க ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய கார்கள்தான். அவரும் ஒன்று வாங்கினார். கொரோலா, எண்பத்தைந்தில் செய்தது. சீட்டில் உறை, கண்ணாடியில் ஜப்பானிய எழுத்து, உள்ளே ஒரு புது வாசனை. எங்களையெல்லாம் மாசி என்ற பகுதியில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, கேக் வெட்டி, பானெட்டைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ," என்றார், "எஞ்சினைக் குறுக்கால போட்டிருக்கிறாங்கள்."

எனக்கு எஞ்சின் நெடுக்கே இருந்தால் என்ன, குறுக்கே இருந்தால் என்ன. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல சட்டையோடு தரையில் படுத்துக் காருக்குக் கீழே போனார். கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பின்சில்லுக்குப் போற தண்டைக் காணேல்லை. தண்டே இல்லை. முன்சில்லு இழுக்குதாம்." சக்கரத்தை அவர்கள் சில்லு என்பார்கள். வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் புழுதி. வாங்குமுன் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லையா என்று என் கணவர் கேட்டார். கொரோலாவைத் திறந்து பார்ப்பானேன் என்று அவர் உண்மையிலேயே புரியாமல் திருப்பிக் கேட்டார்.

அதோடு முடியவில்லை. நூறைத் தாண்டிக் கொஞ்சம் வேகம் போனால் அந்தக் கார் டிங் டாங் என்று மணி அடித்தது. ஜப்பானில் அப்படி ஒரு சட்டமாம். முதல் தடவை மோட்டர்வேயில் அடித்தபோது அவர் பதறிப்போய் ஓரத்தில் நிறுத்தி எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்தாராம். ரேடியோவில் இரண்டு ஸ்டேஷனுக்கு மேல் எடுக்கவில்லை, அதன் எண்களே வேறு. செல்வநாயகி அக்காவுக்கு மட்டும் மணி பிடித்துப்போனது. "நல்லதுதானே, கோயில் மணி" என்று சொல்லிக் கையைக் கூப்பினார். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். "அங்கிள், மேக் இட் ரிங்" என்று பின்சீட்டிலிருந்து கத்துவார்கள். அவர் கேட்காத மாதிரி ஓட்டுவார்.

ஆறு மாதத்தில் அந்தக் காரையும் பழகிக்கொண்டார். பாதி வேலை தெரியும், மீதிப் பாதியை விழுந்து எழுந்து கற்றார். ஆனால் பழைய வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்திவிட்டார். "பேர் அதே பேர்தான்" என்பார், அதற்கு மேல் சொல்லமாட்டார்.

அதற்குள் சர்க்கரை அவரைப் பிடித்திருந்தது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி. தொண்ணூற்று ஆறில் இடது பாதம் மரத்துப்போனது. கிளட்ச் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. இனி கிளட்ச் கூடாது என்றார் டாக்டர். வலது காலும் இப்படி ஆனால் காரே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். அதை எங்களுக்குச் சொல்லும்போது சற்குணம் அண்ணன் சிரித்தார். நான் அவரை அதற்கு முன் பயந்து பார்த்ததில்லை, அந்தச் சிரிப்பில்தான் பார்த்தேன். "வலது கால் சிங்கம் மாதிரி இருக்குது தங்கச்சி" என்று தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினார்.

ஆகவே தொண்ணூற்றேழு தையில், இந்த நாட்டில் அவர் வாங்கிய மூன்றாவது கொரோலா வந்தது. ஆட்டோமேட்டிக். தொண்ணூற்றிரண்டில் செய்தது, முனைகளெல்லாம் உருண்டு, சோப்பு தேய்ந்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை வாங்குமுன்னே பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். கார்புரேட்டரைக் காணவில்லை, அதற்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன். "எனக்குப் போடுற மாதிரி அதுக்கும் ஊசிதானாம்" என்றார். காதை வைத்துக் கேட்டு ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்ய அதில் ஒன்றுமே கிடையாது. கிளட்ச் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. சும்மா உட்கார்ந்தால் போதும் என்றார் விற்றவர். சும்மா உட்காருவது சற்குணம் அண்ணனுக்கு வராத கலை.

புதுக் காருக்குப் பூசை போட வேண்டும். அப்போது இங்கே நினைத்த நேரத்தில் குருக்கள் கிடைக்கமாட்டார். பூணூல் போட்டவர் என்பதால் என் கணவரைப் பிடித்துவிட்டார்கள். "நான் ஐயர் இல்ல சார், ஐயங்கார். அதுவும் கம்ப்யூட்டர் ஐயங்கார்" என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். "அதெல்லாம் பிள்ளையார் கணக்கெடுக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டார்கள். கிளென்ஃபீல்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து வேட்டி கட்டிக்கொண்டு ஞாயிறு காலை புறப்பட்டோம்.

மாசி வீட்டு டிரைவ்வே ரோட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். கார் ரோட்டைப் பார்த்து நின்றது. பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம். சற்குணம் அண்ணன் வெள்ளைச் சட்டையில் டிரைவர் சீட்டில் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தேங்காய் உடைத்ததும் பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னே போக வேண்டும், அதுதான் வழக்கம். செல்வநாயகி அக்கா ஆரத்தித் தட்டோடு இடது பக்கம் நின்றார். நானும் பிள்ளைகளும் புல்தரையில்.

இடது முன்சில்லுக்குக் கீழே வைத்த பழம் சரிவில் உருண்டு விலகிவிட்டது. அதைச் சரியாக வைக்க என் கணவர் காருக்கு முன்னால் குந்தினார். அதே நேரம் சற்குணம் அண்ணன் அவசரப்பட்டு கியரை டிரைவுக்குத் தள்ளினார். பழைய கார் என்றால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் கிளட்சை விடாமல் அசையாது. இது அப்படியில்லை. பிரேக்கில் கால் இல்லாவிட்டால் தானே நகரும்.

கார் நகர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. என் கணவரின் முகத்தை நோக்கி அந்த மாலை போட்ட பம்பர் போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். வேட்டியின் ஒரு நுனி சில்லுக்குக் கீழே போய்விட்டது, அதனால் உருண்டு விலகவும் முடியவில்லை.

ஆரத்தித் தட்டு தரையில் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. செல்வநாயகி அக்கா திறந்திருந்த ஜன்னல் வழியாக இடுப்புவரை உள்ளே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கார் குலுங்கி நின்றது. அப்படியே எட்டிச் சாவியையும் திருப்பி எஞ்சினை அணைத்தார். பம்பருக்கும் இவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. இவர் வேட்டியை அவிழ்த்து அங்கேயே விட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு எழுந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

"பிரேக்கிலதான் கால் வச்சிருக்கிறன்," என்றார் சற்குணம் அண்ணன். முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா பிரேக்கிலதான் கால். கார்தான் சொல்லுக் கேக்குதில்லை."

நானும் காரைத்தான் திட்டினேன். கண்ட காரையும் வாங்கினால் இப்படித்தான், விற்றவனைச் சும்மா விடக்கூடாது என்றெல்லாம் கத்தினேன். செல்வநாயகி அக்கா மட்டும் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குனிஞ்சு பாருங்கோ," என்றார்.

"என்னத்தை?"

"கீழ பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். நானும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பிரேக் தனியாக இருந்தது. அவருடைய வலது கால் அதற்குப் பக்கத்தில், ரப்பர் விரிப்பின் மேல், ஓங்கி மிதித்தபடி இருந்தது. வெறும் தரையை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு பொருளைப் பார்ப்பது போல அவர் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன மாரியில நீங்க வேலையால வந்து சப்பாத்தைக் கழட்டினியள்," என்று அக்கா சொல்லத் தொடங்கினார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சொக்ஸ் முழுக்க ரத்தம். சப்பாத்துக்குள்ள ஒரு திருகாணி கிடந்தது. வலது சப்பாத்து. முழு நாளும் அதோட நடந்திருக்கிறியள். உங்களுக்குத் தெரியேல்லை. சின்னக் கீறல் எண்டு சொல்லித்தான் மருந்து கட்டினனான்."

"நீர் எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னா ஸ்டீயரிங்கை விட்டிருப்பியளோ?"

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. போன மாரி என்றால் இங்கே குளிர்காலம், ஜூன், ஜூலை. அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமை என் விக்னேஷும் அஸ்வினியும் அந்தப் பின்சீட்டில் போயிருக்கிறார்கள். ஹார்பர் பாலத்தில் போயிருக்கிறார்கள். கால் இருக்குமிடம் தெரியாத ஒருவர் ஓட்ட, தெரிந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"எங்க பிள்ளைங்க அக்கா," என்றேன்.

"பிள்ளையளோட ஒரு நாளும் அவரைத் தனிய விடேல்லை சுந்தரி. போன இடமெல்லாம் நான் பக்கத்தில இருந்தனான். கை ஹேண்ட்பிரேக்கிலதான் கிடந்தது."

"அது போதுமா? மோட்டர்வேல அந்த பிரேக் என்ன செய்யும்? நீங்க பண்ணது பெரிய தப்பு."

"ஓம்," என்றார். "பிழைதான்."

சண்டைக்கு வந்தவளை இப்படி ஒரே சொல்லில் நிறுத்தினால் நான் என்ன செய்வேன். கோபம் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. ஆனால் நின்றுவிட்டது.

அக்கா கணவரிடம் திரும்பினார். "அங்கால மாறி இருங்கோ. நான் எடுக்கிறன்."

"நீரோ?"

"நான்தான். போன மாசம் டெஸ்ட் பாஸ் பண்ணினனான். வேலையில லூப்பே எண்டு ஒரு டொங்கா மனிசி. அவதான் பழக்கினவ. நான் பழகி முடியுமட்டும் உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதான் கும்பிட்டுக்கொண்டு இருந்தனான். காரை உங்களிட்ட இருந்து வாங்கிப்போட்டு சும்மா நிப்பாட்டி வைக்க எனக்கு மனம் வரேல்லை."

எனக்கு அது இரண்டாவது இடி. பஸ்ஸுக்குக் காத்து நின்ற அந்த அமைதியான மனுஷி, எங்கள் யாருக்கும் தெரியாமல் ஆக்லாந்துத் தெருக்களில் கார் ஓட்டியிருக்கிறார். சற்குணம் அண்ணனை நான் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். அவர் பானெட்டில் வைத்த குங்குமத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"எந்தக் காரில பழகினனீர்?"

"கொரோலாவிலதான்."

"ஓட்டோமெற்றிக்கோ?"

"இல்லை, மனுவல். பழசு. பின்சில்லு இழுக்கிறது."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு இரண்டு கையாலும் வலது முழங்காலைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தார். காரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றி வந்து இடது பக்கக் கதவருகில் நின்றார். அந்தப் பக்கம் எப்படி ஏறுவது என்று தெரியாதவர் போலத் தயங்கினார். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் அதற்குள் சற்குணம் அண்ணனின் சாரத்தை லுங்கி மாதிரி கட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். "ஒரு பழம் ஏற்கனவே நசுங்கிடுச்சு, வேற வெக்கணும்" என்றார். வேறு பழத்தை நான் வைத்தேன், அவரைக் காருக்கு முன்னால் போக விடவில்லை. அக்கா நான்கையும் நசுக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கி, இடது வலது பார்த்து, சந்தியில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அன்று பிற்பகல் ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கஜானி என்று ஒரு பெண் படிக்க வருகிறாள், சற்குணம் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா ஓட்டுவதாகச் சொன்னார். அவர் முன்சீட்டில். என் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்று அன்று முடிவெடுத்திருந்ததால் நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அக்கா நன்றாகத்தான் ஓட்டினார். அண்ணனோ பிரேக் போடக் கற்றுக்கொடுக்கவில்லை, வழி சொல்லவில்லை, எதிரே வந்தவனைத் திட்டவில்லை. அவர் இருக்கும் காரில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

லிங்கன் ரோடு சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். முன்னால் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"இஞ்சேரும், என்ர கால் இப்ப எங்க கிடக்குது?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நான் சிரிக்க வாய் திறந்தேன். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து அவர் காலடியைப் பார்த்தார்.

"ரெண்டும் நேராத்தான் கிடக்குது," என்றார். "நான் பாக்கிறன், நீங்க பேசாம இருங்கோ."

"சரி," என்றார் அவர். விளக்கு மாறியது, அக்கா காரை எடுத்தார்.